காரங்காடா, பிச்சாவரமா? மதுரையிலிருந்து கிளம்பும் முன்

மதுரையில் அலையாத்திக் காடு, அதாவது கடலோர உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு, என்று சொன்னாலே பிச்சாவரம்தான் நினைவுக்கு வருகிறது. அது சிதம்பரத்துக்குப் பக்கம். போய்வர ஒரு நாள் போதாது. தொண்டிக்குத் தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் காரங்காட்டுக்கு விடியக் கிளம்பினால் இருட்டும் முன் வீடு திரும்பிவிடலாம். ஆனால் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை பேர் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

பிச்சாவரம் பெரிய காடு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர்; 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூட்டத்துக்குப் பழகிய இடம். ஒரு பஸ் நிறையப் போனாலும் சமாளிக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் எழுப்பும் அலை சேற்றுக் கரையை அரிக்கும். வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டுவது காற்றை வாங்கும் மூச்சுவேர். கலங்கிய சேறு அதன் மேல் தொடர்ந்து படிந்தால் மரம் திணறும். சத்தத்துக்குக் கொக்கும் நாரையும் எழுந்து போய்விடும். துடுப்புப் படகு குறுகலான ஓடைக்குள்ளும் நுழையும். சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்க, நண்டு ஊர்வதைக்கூட நின்று பார்க்கலாம். நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இன்னும் பரந்தது. ஆனால் காயலை எட்டவே மோட்டார் படகில் வெகுதூரம் போக வேண்டும், அதனால் நான் சேர்க்கவில்லை.

காரங்காடுதான் எனக்குப் பிடித்தது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். வரும் பணத்தில் மீனவக் குடும்பங்களுக்கும் பங்கு போகிறது. காட்டால் வயிறு நிறைகிற ஊர், அதை வெட்ட விடாது. கயாக் என்ற சின்னப் படகில் நாமே துடுப்புப் போடலாம். அப்புறம் இது நம் பக்கத்துக் கடல். வைகையில் மிஞ்சிய தண்ணீர் போய்ச் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரும் இதே பாக் விரிகுடாக் கரையில்தான் இருக்கிறது. உப்புநீரோடு ஆற்றுநீரும் கலந்தால்தான் அலையாத்தி செழிக்கும் என்பதால், வைகை வற்றும்போது எனக்கு அந்தக் கரையின் நினைப்பும் வருகிறது.

ஆனால் காரங்காடு சின்ன இடம். ஒரே நாளில் இரண்டு பஸ் கூட்டம் இறங்கினால் தாங்காது. அந்தப் பக்கத்துக் கடலில் ஆழம் குறைவு. அடியில் ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் கடற்புல் இருக்கிறது. படகின் விசிறியோ நங்கூரமோ இழுத்தால் வேரோடு பிய்ந்துவிடும். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். தொடர் விடுமுறை நாட்களைத் தவிர்த்து, முன்கூட்டியே பேசி, நீர் ஏறும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

எங்கள் தெருவில் 30 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரே வேனில் பிச்சாவரம் போகலாம் என்றார்கள் சிலர். நான் பேசிப் பார்த்தேன். சரி, தை மாதம் மூன்று சனிக்கிழமை, தடவைக்குப் பத்துப் பேராகக் காரங்காடு போவதென்று முடிவாகியிருக்கிறது.