72 டிகிரி காட்டிக்கொண்டே வெந்துபோன கிராபிக்ஸ் கார்டு: 6 வருட அனுபவம்

என் கிராபிக்ஸ் கார்டு படுத்துவிடுவதற்கு முந்தைய நாள்கூட, கேம் ஆடும்போது திரையின் மூலையில் தெரியும் வெப்பநிலை 72 டிகிரி செல்சியஸ்தான். அதை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

8 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி, இரண்டு ஃபேன் உள்ள நடுத்தர வகை கார்டு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்யவும் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கவும்) இரவில் கொஞ்ச நேரம் விளையாடவும் புதிதாக வாங்கியது. 6 வருடம் முடிந்து இன்றும் அதே கார்டுதான் ஓடுகிறது. ஆனால் நடுவில் ஒருமுறை உயிர் போய்த் திரும்பியிருக்கிறது.

மூன்றாவது வருடக் கடைசியில், ரெண்டர் ஆன படங்களில் கறுப்பான இடங்களில் பச்சைப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. டிரைவர் கோளாறு என்று நினைத்து முழுவதும் நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் கனமான வேலை எதுவும் கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்த வாரம் கேமில் சுவர்கள் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகச் சிதறின. ஒருநாள் திரை கறுத்து, ஃபேன் இரண்டும் முழு வேகத்தில் இரைந்தன.

அப்போதுதான் வெப்பநிலைகளைத் தனித்தனியாகக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சிப் 72 டிகிரி, ஹாட்ஸ்பாட் 108, மெமரி 104. முதல் எண் சிப்பின் ஓரத்தில் இருக்கும் ஒரே உணரி சொல்வது. ஹாட்ஸ்பாட் என்பது சிப்புக்குள் பரவியிருக்கும் பல உணரிகளில் எது அதிகமோ அது. மெமரி சிப்புகளின் வெப்பம் இவை இரண்டிலும் சேராது. முதல் இரண்டுக்கும் இடையில் 10 முதல் 20 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சகஜம். 36 என்றால் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் போய்விட்டது என்று அர்த்தம். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். கையில் ஒரு வேலை பாக்கி இருந்ததால் இன்னும் பத்து நாள் ஓட்டினேன். அந்தப் பத்து நாளுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

பதினோராம் நாள் காலை, கணினியைப் போட்டதும் மதர்போர்டின் முதல் திரையிலேயே நெடுக்குக் கோடுகள். விண்டோஸ் டிரைவர் ஏறுவதற்கு முன்பே கோடு வந்தால் அது பெரும்பாலும் வன்பொருள் கோளாறு, அதிலும் மெமரி மேல்தான் முதல் சந்தேகம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கோட் 43, அதாவது கார்டு கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.

இந்தக் கட்டத்தில் பலரும் சொல்லும் யோசனை, கார்டைச் சமையலறை அவனில் (oven) வைத்துச் சூடாக்குவது. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்றைய கார்டுகளில் பாகங்களைப் போர்டோடு ஒட்டியிருக்கும் ஈயமில்லாத சால்டர் உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். அதற்குக் குறைவான சூட்டில் சால்டர் உருகாது; விரிசல் விட்ட இணைப்பு சூட்டில் விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குள் கெப்பாசிட்டர்களும் பிளாஸ்டிக் கனெக்டர்களும் கெட்டிருக்கும். அந்தப் புகை படிந்த அவனில் அப்புறம் சமைப்பதும் நல்லதல்ல.

வாரண்டி முடிந்திருந்ததால் நானே திறந்தேன். சிப்பைச் சுற்றி இருக்கும் நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹீட் சிங்கை வெடுக்கென்று இழுத்தால் ஃபேன் ஒயர் அறுந்துவிடும். உள்ளே, சிப்பின் நடுவில் பேஸ்டே இல்லை. கண்ணாடி போலப் பளபளத்தது. பேஸ்ட் எல்லாம் நான்கு ஓரத்திலும் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒதுங்கியிருந்தது. சிப் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குவதில் பேஸ்ட் இப்படி வெளியே தள்ளப்படும். மெமரி சிப்புகளுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடுகள் எண்ணெய் கக்கி, தொட்டாலே உதிர்ந்தன. எட்டு மெமரி சிப்புகளில் ஒன்றின் மேல் இருந்த பேடில் மட்டும் அழுந்திய தடமே இல்லை. மூன்று வருடமாக அந்தச் சிப் ஹீட் சிங்கைத் தொடவே இல்லை.

போர்டை மட்டும், சிப் அளவில் வேலை பார்க்கும் ஒரு சர்வீஸ்காரரிடம் கொடுத்தேன். மெமரி சோதனை ஓட்டி எது பழுது என்று கண்டுபிடித்தார். நான் சந்தேகப்பட்ட அதே சிப்தான். ஹாட் ஏரில் கழற்றி வேறு சிப் மாற்றிக் கொடுத்தார். மெயின் சிப்பே போயிருந்தால் மாற்றுவதில் லாபமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

ஹீட் சிங்கைத் திரும்ப மாட்டும்போது ஒரு பெரிய தவறு செய்தேன். 1.5 மில்லிமீட்டர் பேட் இருக்க வேண்டிய இடத்தில், தடிமனாக இருந்தால் நன்றாகத் தொடும் என்று நினைத்து 2 மில்லிமீட்டர் வைத்தேன். லோடு கொடுத்த ஒரே நிமிடத்தில் ஹாட்ஸ்பாட் 105. உடனே அணைத்துவிட்டுத் திறந்தால், புதுப் பேஸ்ட் ஒரு மூலையில் மட்டும் அழுந்தியிருந்தது. தடிமனான பேடுகள் ஹீட் சிங்கையே தூக்கிப் பிடித்திருந்தன. பழைய பேடை அளந்து, அதே தடிமனில் மெத்தென்று அமுங்கும் பேடாகப் பார்த்து வாங்கி வைத்த பிறகு சிப் 68, ஹாட்ஸ்பாட் 84, மெமரி 82 என்று இறங்கியது. பேட் மாற்ற நினைப்பவர்கள் தடிமன் தெரியாமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

அதன் பிறகு நான் செய்த மிகப் பயனுள்ள வேலை வோல்டேஜைக் குறைத்தது. சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 1.15 வோல்ட்டிலிருந்து 1.0-க்கு வந்தாலே சிப்பின் மின்செலவு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. 20 நிமிட ரெண்டர் இப்போது 20 நிமிடம் 40 விநாடி ஆகிறது. இந்த 40 விநாடிக்கு நான் தயங்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் சோதித்துப் பார்ப்பது முக்கியம்; அவசரப்பட்டால் கணினி உறைந்துவிடும்.

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்தேன். 7 டிகிரி குறைந்தது. காற்று உள்ளே வர வழியில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது, முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்த்தேன். தூசி ஊதும்போது கார்டின் ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வேன். வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

ஒன்றரை வருடத்தில் ஹாட்ஸ்பாட் வித்தியாசம் மறுபடி 25 ஆனது. இந்தத் தடவை பேஸ்டுக்குப் பதில், சுமார் 45 டிகிரியில் இளகி இடுக்குகளில் பரவும் பேஸ் சேஞ்ச் ஷீட் ஒட்டினேன். பேஸ்ட் போல அது எளிதில் வெளியே ஒதுங்குவதில்லை. இன்னொரு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, வித்தியாசம் 14-ஐத் தாண்டவில்லை.

இப்போது இடப்பக்க ஃபேன் மட்டும் சுழல ஆரம்பிக்கும்போது லேசாக முனகுகிறது. ஸ்க்ரூ துளைகளின் இடைவெளியை அளந்து, கனெக்டரில் எத்தனை பின் என்று எண்ணி, அதற்குப் பொருந்தும் ஃபேன் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கையிலிருக்கும் ரெண்டரை நிறுத்திவிட்டு, இந்த வாரமே மாற்றப்போகிறேன்.