பெர்ரிக்கா, அயர்ன் த்ரீயா?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த ஆண்டிலிருந்து உலோகச் சேர்மங்களுக்குப் பெர்ரஸ், பெர்ரிக் மாதிரியான பழைய பெயர்களை விட்டுவிட்டு ஸ்டாக் முறைக்கு மாறிவிட்டேன். ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் முன்வைத்தது. உலோகத்தின் பெயரை அடுத்து, அதன் ஆக்சிஜனேற்ற எண்ணை (இங்கே உலோக அயனியின் மின்சுமை என்று வைத்துக்கொள்ளலாம்) அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் எழுத வேண்டும். வாசிக்கும்போது அயர்ன் டூ, அயர்ன் த்ரீ.

சோடியம், கால்சியத்துக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அவற்றுக்கு மின்சுமை ஒன்றேதான். வம்பெல்லாம் இரும்பு, தாமிரம், வெள்ளீயம் மாதிரி ஆட்களிடம்தான்.

பழைய முறையில் குறைந்த மின்சுமைக்கு 'அஸ்', கூடியதற்கு 'இக்'. எது கூட, எது குறைவு என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. பெர்ரஸ் 2, பெர்ரிக் 3. குப்ரஸ் 1, குப்ரிக் 2. ஸ்டான்னஸ் 2, ஸ்டான்னிக் 4. அதே 2 இரும்பில் 'அஸ்', தாமிரத்தில் 'இக்'! மாங்கனீசோ 7 வரை போகும். இரண்டே விகுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான்: பெயரிலிருந்து வாய்பாட்டை எழுதுவது. பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். அயர்ன் த்ரீ சல்பேட் என்றால் 3 பெயரிலேயே இருக்கிறது. சல்பேட்டுக்கு 2. குறுக்கே மாற்றிப் போட்டால் இரும்பு இரண்டு, சல்பேட் மூன்று. சரிபார்த்தால் +6, −6, முடிந்தது. பெர்ரிக் சல்பேட் என்று கொடுத்தால் அந்த 3-ஐ முதலில் நினைவிலிருந்து தோண்ட வேண்டும். ஒரே எச்சரிக்கை: அது மின்சுமை, அணுக்களின் எண்ணிக்கை இல்லை. மூன்று இரும்பு போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

பழைய பெயர்களை அடியோடு மறக்கவும் முடியாது. இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் பெர்ரஸ் சல்பேட் என்றுதான் இருக்கும். சில பற்பசைகளில் ஸ்டான்னஸ் ஃபுளோரைடு. பார்த்தால் புரிகிற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

அலோகங்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேரும் சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு மட்டும் ஸ்டாக் முறை வேண்டாம் என்பேன். நைட்ரஜன் டைஆக்சைடு, டைநைட்ரஜன் டெட்ராக்சைடு இரண்டிலும் நைட்ரஜனுக்கு +4. நைட்ரஜன் ஃபோர் ஆக்சைடு என்றால் எதை எழுதுவது? அங்கே அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் மோனோ, டை, ட்ரைதான் சரி. அப்புறம், உலோகம் இல்லையே என்று அமோனியம் குளோரைடை இந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள், அது அயனிச் சேர்மம்.

பிளஸ் டூவில் வரும் அணைவுச் சேர்மங்களுக்கு (நடுவில் உலோகம், சுற்றிலும் மற்ற அயனிகளோ மூலக்கூறுகளோ இணைந்தவை) நான் வகுப்பு எடுப்பதில்லை. அதற்கு அங்கே பாடம் நடத்துபவர்களைக் கேட்பதே நல்லது.