வலிப்புக்கு வால்ப்ரோயேட்டா, லெவெட்டிராசிட்டமா?

பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. எந்த மாத்திரையானாலும் நோக்கம் வலிப்பைத் தடுப்பதும், அதன்மூலம் மூளைச் செல்களைக் காப்பதும்தான். 5 நிமிடம் தாண்டும் வலிப்பு ஆபத்து. நீண்டுகொண்டே போனால் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் செல்கள் சாகக்கூடும். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் முதிர்ந்த வடிவம், செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் ட்ரக்-ஏ (TrkA) என்ற ஏற்பியில் சேர்ந்தால் செல் பிழைக்கும். முதிராத வடிவம் பி75 (p75) என்ற இன்னொரு ஏற்பியில் சேர்ந்தால் செல் மடியலாம். இதை நேரடியாக மாற்றும் மாத்திரை இன்னும் நம் கைக்கு வரவில்லை. வலிப்பு வராமல் தடுப்பதே வழி.

விலை: வால்ப்ரோயேட் பொதுவாக மலிவு.

தொந்தரவு: வால்ப்ரோயேட்டில் எடை கூடும், முடி கொட்டும், கை நடுங்கும், கல்லீரலையும் கவனிக்க வேண்டும். லெவெட்டிராசிட்டத்தில் எரிச்சலும் கோபமும். சாதுவான பிள்ளை திடீரென்று சோற்றுத் தட்டை வீசினால் அடிக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளோடு: லெவெட்டிராசிட்டம் அதிகம் மோதாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

கர்ப்பம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். வால்ப்ரோயேட் குழந்தையின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். நம் பக்கம் கல்யாணப் பேச்சு வந்ததும் நோயை மறைத்து, மாத்திரையையும் ஒளித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பேச்சு தொடங்கும்போதே டாக்டரைப் பாருங்கள்.

ஆக, பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு லெவெட்டிராசிட்டமே என் தேர்வு. உடம்பு முழுக்க வெட்டும் வலிப்புள்ள ஆண், வால்ப்ரோயேட்டில் நன்றாக இருந்தால் மாற அவசரமில்லை. எதையும் தானாக நிறுத்தாதீர்கள். ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் என்றாலும் பையில் மாத்திரை இருக்கட்டும்.