மருத்துவ மாணவர்களுக்கான எழுத்துப் பட்டறை, திருகோணமலை: போகலாமா?

மருத்துவம், சித்த மருத்துவம், தாதியம் படிக்கிற பிள்ளைகளுக்காகத் திருகோணமலை நகரில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் பட்டறை இது. இரண்டு மணிநேரம், நான்கு கிழமை. கட்டணம் இல்லை, ஒரு கொப்பியும் பேனையும் போதும். எழுத்தாளரை உருவாக்குவது நோக்கமில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் கண்டதை மனதிலேயே சுமந்து திரியாமல் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பயிற்சி, 15 நிமிடம் பேனையை நிறுத்தாமல் எழுதுவது. 1986இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் பென்னிபேக்கரும் பீலும் 46 மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வில் இருந்து வந்தது: தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதம் வைத்தியரிடம் போனது குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் முன்னைவிடப் பாரமாகத்தான் இருந்தது. இங்கே அதைத் தெரிந்து நடத்துகிறார்கள். எழுதியதும் பத்து நிமிடம் பிளேன்ரீ, பிறகுதான் பேச்சு. தாங்க முடியாவிட்டால் தலைப்பை மாற்றலாம். தேசிய மனநல உதவி எண் 1926 சுவரில் கண்ணுக்குப் படும்படி ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது, 55 சொற்கதை, அதாவது 55 சொல்லில் ஒரு கதையைச் சொல்லி முடிப்பது. ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கைத் தமிழில் அப்படியே வைத்திருப்பது பிழை. ‘கேட்டுக்கொண்டிருந்தாள்’ என்பது தமிழில் ஒரே சொல். அதைப் பிரித்து எழுதுவதா சேர்த்து எழுதுவதா என்ற வாதத்திலேயே நேரம் போய்விடுகிறது. 40 சொல் என்று வைத்தால் அதே இறுக்கம் கிடைக்கும்.

மிக நல்ல விஷயம், கொப்பியை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை, புள்ளியும் இல்லை. புள்ளி போடத் தொடங்கினால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். வாசிக்க விரும்பியவர் வாசிக்கலாம். கேட்பவர்கள் புத்தி சொல்லக்கூடாது. மனதில் நின்ற ஒரு வரியை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

திருத்த வேண்டியது இரண்டு. முதல் நாளே ‘நீங்கள் கண்ட முதல் மரணம்’ என்று தலைப்புக் கொடுப்பது அவசரம். கட்டிலடியில் கிடந்த செருப்பு, பார்க்க வந்தவர் கொண்டுவந்த சோற்றுப் பார்சல் என்று ஒரு பொருளில் தொடங்கினால் கை தானாக ஓடும்.

மற்றது நோயாளியின் அந்தரங்கம். பெயரை மாற்றினால் போதும் என்கிறார்கள், போதாது. ‘மூதூரில் இருந்து வந்த, கை இழந்த மீன்பிடிக்காரர்’ என்றால் இந்த ஊரில் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லை. ஊர், தொழில், வயது, வந்த நாள் நான்கில் இரண்டையாவது மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். வட்ஸ்அப் குழுவில் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவதையும் நிறுத்த வேண்டும்.

நான்கு கிழமையும் வர முடிந்தால் மட்டும் பெயர் கொடுங்கள். இடையில் புது முகம் வந்தால், வாசிக்க எழுந்தவர்கூட கொப்பியை மூடிவிடுகிறார்.