கத்திரி வெயிலும் 1.375 வோல்ட்டும்: ரைசன் 5 3600, ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 3600 பிராசசரை 2020ஆம் ஆண்டின் இறுதியில் காரைக்குடியில் வாங்கினேன். ஆறு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாக எட்டும் பூஸ்ட் வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 65 வாட் என்பவை அதன் விவரங்கள். திருமண வீடியோ எடிட்டிங் என் தொழில். எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நாலைந்து கேமராக்களின் பதிவு வந்து சேரும் என்பதால், எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் நேரத்தில் எவ்வளவு மிச்சம் கிடைத்தாலும் நல்லது என்றெண்ணி வாங்கிய வாரத்திலேயே ஓவர்கிளாக் செய்தேன், அதாவது நிறுவனம் வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டினேன். பிராசசரைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் அதற்குக் கொடுத்த வோல்டேஜைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது நான் வைத்த அளவு, எல்லாக் கோர்களுக்கும் 4.3 கிகாஹெர்ட்ஸ், நிலையான 1.375 வோல்ட். பெட்டியோடு வந்த சிறிய கூலரைக் கழற்றிவிட்டு, 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட டவர் கூலரைப் பொருத்தியிருந்தேன். வோல்டேஜ் கூடுதலோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. கடையில் கணினி பூட்டிக் கொடுத்த தம்பி, "சும்மா இருக்கும்போதே அதுவா 1.45 வரைக்கும் போகுதுண்ணே, நாம 1.375 வைக்கிறதுல என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்டபோது அந்த ஐயமும் போய்விட்டது. அவர் சொன்ன எண் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. இந்தப் பிராசசர் ஒன்றிரண்டு கோர்களை மட்டும் சிறிது நேரம் வேகமாக ஓட்டும்போது 1.4 வோல்ட்டைத் தாண்டிப் போவது இயல்பு, ஏனெனில் அந்த நேரத்தில் ஓடும் மின்னோட்டம் குறைவு, சூடும் குறைவு. ஆறு கோர்களும் ஒருசேர வேலையில் இறங்கியதும் மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்டு அதுவே வோல்டேஜை இறக்கிக்கொள்கிறது. மொத்த மின்சாரமும் 88 வாட்டுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்கிறது. வேகத்தையும் வோல்டேஜையும் நாம் கையால் நிலைநிறுத்திய கணமே இந்தக் காவல் முழுவதும் விலகிவிடுகிறது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் மணிக்கணக்கான எக்ஸ்போர்ட்டிலும் அதே 1.375 வோல்ட் சிப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதன் விளைவு உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகளில் எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து ஓடும்போது உலோக அணுக்களையும் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகின்றன. மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் கூடக்கூட இந்த நகர்வு விரைவாகிறது. மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் என்பதால் அரிமானம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் இது துருவைப்போலக் கண்ணுக்குத் தெரியும் அரிமானம் அன்று. நேற்றுவரை 4.3 கிகாஹெர்ட்ஸுக்குப் போதுமானதாக இருந்த வோல்டேஜ் ஒருநாள் போதாமல் போகும், அவ்வளவுதான் அறிகுறி. அப்போது வோல்டேஜைக் கூட்டினால் தேய்மானமும் கூடும்.

எனக்கு அந்த நாள் 2023ஆம் ஆண்டுக் கத்திரி வெயிலில் வந்தது. எக்ஸ்போர்ட் முடியும் தறுவாயில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. இந்த ஊரில் கணினி அணைந்தால் முதல் பழி கரண்ட் மீதுதான் விழும். நானும் அப்படியே நினைத்து இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். நிலைக்கு மாற்றி, ஒயரிங்கையும் சரிபார்க்க வைத்து, இரண்டு மாதங்களை வீணடித்தேன். பிறகுதான் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் திடீரெனப் போனதற்கான 41ஆம் எண் பதிவோடு, வன்பொருள் கோளாறைக் குறிக்கும் டபிள்யூ.எச்.இ.ஏ. என்ற பெயரில் 18ஆம் எண் பிழையும் ஒவ்வொரு முறையும் இருந்தது. அதுவும் எல்லாப் பதிவுகளிலும் ஒரே கோரைச் சுட்டியது. கரண்ட் போவதென்றால் கோர் பார்த்துப் போகாது.

வெயிலின் பங்கையும் சொல்ல வேண்டும். காற்றுக் கூலர் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்காது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் அதன் கணக்கு. மார்கழியில் 25 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டிய என் பிராசசர், மே மாதத்தில் 38 டிகிரி அறையில் 90ஐ நெருங்கியது. இதன் உச்ச வரம்பே 95 டிகிரிதான். எங்கள் பழைய வீட்டின் தடித்த சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பகலில் குளிர்ச்சி தருவது உண்மைதான், ஆனால் கணினி இருப்பது வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள சன்னல் குறைந்த உள்ளறை ஒன்றில். கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட்டினால் கணினி கக்கிய சூட்டையே கணினி திரும்ப உள்ளிழுக்கும். ஆகவே இந்தப் பகுதியில் ஓவர்கிளாக் செய்பவர்கள் சோதனையை அக்னி நட்சத்திரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்க்க வேண்டும்.

சோதனை என்றால் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுவதல்ல. நான் அதைத்தான் செய்து ஏமாந்தேன். பிரைம்95 மென்பொருளின் ஸ்மால் எஃப்.எஃப்.டி. சோதனை வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் உச்சத்துக்குக் கொண்டுபோகும், ஓ.சி.சி.டி. பிழைகளைக் கோர்வாரியாகக் காட்டும். கோர்சைக்ளர் ஒவ்வொரு கோராகச் சோதிப்பதால், எல்லாம் சேர்ந்து ஓடும்போது தென்படாத பலவீனமான கோர் அதில் அகப்படும். வோல்டேஜைப் படிக்கும்போது எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் எஸ்.வி.ஐ.2 என்ற பெயரில் வரும் அளவையே நம்ப வேண்டும், மதர்போர்டு சென்சார் காட்டுவது பல நேரங்களில் வேறாக இருக்கும்.

மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், வேலையின்போது வோல்டேஜ் தாழ்வதை ஈடுகட்டும் லோட்லைன் காலிப்ரேஷன் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வேலை கூடும்போது வோல்டேஜ் சற்றுத் தாழ்வது குறையன்று, அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாழ்வை அறவே ஒழிக்கும் உச்ச நிலையில் அதை வைத்தால், வேலை சட்டென்று நிற்கும் நுண்நொடியில் வோல்டேஜ் நாம் வைத்ததற்கு மேலே துள்ளும். சாதாரண மென்பொருள் எதிலும் அந்தத் துள்ளல் பதிவாகாது. நடுத்தர நிலையே போதும். ஒரு மதர்போர்டு தயாரிப்பாளருக்கு ஒன்றாம் எண் மிக வலியது, இன்னொருவருக்கு அதுவே மிக மெலியது என்பதால், பிறர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்து வைத்துவிடக் கூடாது.

2023இலிருந்து நான் ஓட்டுவது 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட். சிப்பின் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறும் என்ற கணக்கின்படி, பழைய அமைப்பு இதைவிட ஏழரை விழுக்காடு வேகத்துக்காக ஏறத்தாழ 41 விழுக்காடு கூடுதல் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த எக்ஸ்போர்ட் இப்போது நாலரை நிமிடம் தாமதமாக முடிகிறது. அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துவிடலாம். இதே பிராசசரை இன்றும் கையால் ஓவர்கிளாக் செய்ய விரும்புவோர் முழு வேலையின்போது 1.3 வோல்ட்டைத் தாண்டாமல், வெயில் காலத்திலும் 80 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டால் எல்லாச் சிப்பும் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சிலவற்றில் மிகுதியான வோல்டேஜால் நிலைகுலைவு ஏற்பட்டதை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோடு என்ற உள்நிரலை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்த மைக்ரோகோடு மீட்கவில்லை. அந்தச் சிப்பை வாங்கியவர்களுக்கு வாரண்டி இருந்தது. ஓவர்கிளாக் செய்த எனக்கு அதுவும் இல்லை.

பயாஸைப் புதுப்பித்தால் இதே மதர்போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசரைப் பொருத்தலாம் என்பதால் அடுத்த மாதம் அதற்கு மாறப்போகிறேன். பழைய 3600ஐ அக்கா மகன் தன் கல்லூரிப் படிப்புக்குக் கேட்டிருக்கிறான். கொடுப்பதற்கு முன் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிச் சோதித்தபோது, அந்த ஒரு கோர் தனக்குரிய 4.2 கிகாஹெர்ட்ஸ் பூஸ்ட்டைத் தாங்காமல் இருபது நிமிடத்தில் பிழை காட்டியது. பூஸ்ட்டை அணைத்துவிட்டுத்தான் கொடுக்கப்போகிறேன்; காரணத்தையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.