பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஸ்மார்ட் சுவிட்ச்: வேகம் வேண்டாம், நேரம் போதும்

எக்ஸாஸ்ட் ஃபேனை ஸ்மார்ட் சுவிட்சில் மாட்டிச் சில வருடங்களாகப் புழங்கி வருகிறேன். இதைப் பற்றி விசாரிப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "ஸ்பீடைக் கூட்டிக் குறைக்க முடியுமா?" என்றுதான். முடியும். ஆனால் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஃபேன் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தினாலே பாத்ரூம் காய்ந்துவிடும்.

வீடு திருவான்மியூரில், அடுக்குமாடிக் குடியிருப்பு. பாத்ரூம் வென்டிலேட்டர் டக்ட் (எல்லா மாடிகளுக்கும் பொதுவான காற்றுக் குழி) பக்கம் திறக்கிறது. அதில் 6 அங்குல ஃபேன், 30 வாட். வெளியே இருக்கும் சுவிட்ச் போர்டுக்குள் டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றிய ஒரு சிறிய ரிலே மாட்யூல், அதாவது வைஃபை வழியாக ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். அதை வீட்டுக்குள்ளேயே இருக்கும் சர்வரில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. அந்தப் போர்டில் 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருப்பதால் நியூட்ரல் வயர் ஏற்கெனவே வந்திருந்தது. உங்கள் போர்டில் வெறும் சுவிட்சுகள் மட்டும் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை நியூட்ரல் இல்லாமல் உயிர் பெறாது.

வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளக்குக்கான டிம்மரில் ஃபேனைக் கொடுத்தால் மோட்டார் 'உம்' என்று இரைந்து சூடாகும். அந்தப் பக்கமே போகக்கூடாது. சீலிங் ஃபேனுக்கு வரும் கன்டென்சர் வகை ஸ்மார்ட் ரெகுலேட்டரை வைத்துப் பார்த்தேன். இரைச்சல் இல்லை, ஆனால் குறைந்த வேகத்தில் ஃபேனின் பின்பக்கத் தகடுகள் பாதிதான் திறந்தன. மேல்மாடி, கீழ்மாடி ஃபேன்களும் அதே டக்டில்தான் காற்றைத் தள்ளுகின்றன. நம் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அடுத்த வீட்டுப் பாத்ரூம் வாடை நம் வீட்டுக்குள் வருகிறது. இறக்கையில் தூசி படிந்த பிறகு, குறைந்த வேகத்தில் சுவிட்சைப் போட்டால் கிளம்பவே திணறுகிறது. ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். மின்சாரம் மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் வைத்திருப்பவர்கள் ரெகுலேட்டரை நினைத்தே பார்க்கக்கூடாது. அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு முழு மின்சாரம் போயாக வேண்டும்.

இனி நேரம். சென்னையில் இதை அமைக்க நினைப்பவர்கள் வெளிநாட்டு வீடியோக்களில் வரும் 'ஈரப்பதம் 70 சதவீதம் தாண்டினால் ஆன்' என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஹாலிலேயே 85 காட்டும். அந்தக் கணக்கில் ஃபேன் நிற்கவே நிற்காது. பாத்ரூமில் ஒரு ஜிக்பீ (வயர்லெஸ்) ஈரப்பத சென்சார், ஹாலில் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் இங்கே சரிப்பட்டு வரும். வித்தியாசம் 10 தாண்டினால் ஃபேன் கிளம்பும். 20 நிமிடம் ஓடியதும் மறுபடி பார்க்கும். 4க்குக் கீழே வந்திருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் வரும்வரை, அதிகபட்சம் 40 நிமிடம், ஓடும்.

மார்கழியில் கீசர் வெந்நீரில் குளிக்கும்போது இது பிரமாதமாக வேலை செய்கிறது. கோடையில் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் குளிக்கும்போது ஆவியே வராது, சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. குளித்து முடித்த பிறகு ஈரத் தரையிலிருந்து மெல்ல மெல்லத்தான் ஈரப்பதம் ஏறும். அதனால் கோடைக்குச் சென்சாரை நம்புவதில்லை. போர்டில் ஒரு பெல் சுவிட்ச் போட்டிருக்கிறேன். குளித்துவிட்டு வெளியே வருபவர் ஒரு தடவை அழுத்தினால் போதும். செல்போனைத் தொடாமலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் இதை அதிகம் பயன்படுத்துவது அம்மாதான். "அழுத்திட்டு வந்துட்டேன்பா, அதுவே நின்னுக்கும்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு நிறைவு. தரையை வைப்பரால் தள்ளிவிட்டு வந்தால் ஃபேன் ஓடும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது.

நிறுத்தும் வேலையின் கடைசிப் பொறுப்பை மாட்யூலிடமே கொடுங்கள். சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும், வைஃபை போனாலும் ஃபேன் விடிய விடிய ஓடக்கூடாது. டாஸ்மோட்டாவில் இதற்கு பல்ஸ்டைம் என்ற கட்டளை உண்டு. அதில் கொடுக்கும் எண் 112 அல்லது அதற்கு மேல் இருந்தால், 100ஐக் கழித்து வருவதுதான் விநாடி. நான் கொடுத்திருப்பது 2500, அதாவது 40 நிமிடம். கரண்ட் போய் வந்தால் ஃபேன் தானாகக் கிளம்பாமல் இருக்க பவர்ஆன்ஸ்டேட்டை 0 என்று வைத்திருக்கிறேன்.

சென்சாரை ஷவருக்கு எதிரே ஒட்டாதீர்கள். தண்ணீர் தெறித்து நனைந்தால் மணிக்கணக்காக 100 காட்டிக்கொண்டே இருக்கும். கதவு நிலைக்கு மேலே, உள்பக்கம் ஒட்டியது நன்றாக இருக்கிறது.

நடுவில் ஒரு கோளாறு வந்தது. முதலில் போட்ட மாட்யூலின் ரிலே ஒட்டிக்கொண்டு, ஆஃப் கொடுத்தாலும் ஃபேன் ஓடியது. கழற்றிப் பார்த்தால் முனைகள் கருகியிருந்தன. பெட்டியில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அது பொதுவாக ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொல்லும் கணக்கு. மோட்டாரை நிறுத்தும் நொடியில் வரும் வோல்டேஜ் எகிறல் ரிலே முனையில் பொறி தட்ட வைக்கும். மாற்றிப் போட்ட மாட்யூலோடு, ஃபேனின் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 100 ஓம் ஸ்னப்பர் (அந்த எகிறலை உறிஞ்சும் சிறு பாகம்) ஒன்றும் வைத்தோம். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

எந்தச் சுவிட்சாலும் சரிசெய்ய முடியாத விஷயம் காற்று வரும் வழி. எங்கள் வென்டிலேட்டரில் ஃபேனுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பட்டைகள் இருந்தன. அவை திறந்திருந்தால் ஃபேன் அந்த இடுக்கு வழியாகவே காற்றை இழுத்து, அப்படியே டக்டுக்குள் தள்ளிவிடுகிறது. தரைப் பக்கத்து ஈரம் அசைவதில்லை. ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்த்தால் சட்டென்று புரியும். அந்தப் பட்டைகளை அக்ரிலிக் ஷீட்டால் மூடி, பிவிசி கதவின் அடியில் முக்கால் அங்குலம் அறுத்துவிட்டோம். ஃபேன் நிற்க எடுத்துக்கொண்ட நேரம் அன்றைக்கே குறைந்தது.

மின்கட்டணத்துக்காக இதைச் செய்கிறேன் என்றால் பெரிய லாபம் இல்லை. 30 வாட் ஃபேன் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 43 யூனிட்தான். இப்போது நாளுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது 3 யூனிட்டுக்குள். எனக்குக் கிடைத்த லாபம் வேறு: டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் பூஞ்சை வருவதில்லை, கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடிப்பது குறைந்திருக்கிறது, இரவில் யாராவது எழுந்துபோய் ஃபேனை நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொரு பாத்ரூமின் போர்டில் நியூட்ரல் இல்லை. அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது வயர் இழுத்துத் தருவதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். அதுவரை அங்கே சாதாரண சுவிட்ச்தான்.