வாணக்காரன் போடும் மார்க்: ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் பார்வை மாடம்

மூன்று தலைமுறையாகக் கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை போடுகிற குடும்பம் எங்களுடையது. புதுக்கோட்டைப் பக்கம். வேடிக்கை முடிந்த மறுநாள் காலை டீக்கடையில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். "அதிர்வேட்டு பரவாயில்லப்பா, அவுட்டு ரெண்டு புஸ்ஸாப் போச்சு, போன வருசத்து ஆளு தேவலை." நாற்பது வருஷம் அந்த மார்க்கை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவன் நான். 2024 டிசம்பர் 30 ராத்திரிதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். மார்க் போடுகிற முறை எனக்கும் வந்துவிட்டது.

போனது ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் ராக்கெட் ஏவுதலைப் பார்ப்பதற்கென்று இஸ்ரோ கட்டியிருக்கும் மாடத்துக்கு. 2019 மார்ச் 31-ல் திறந்தது. படிப்படியாக உயர்ந்துபோகும் இருக்கை வரிசைகள், எதிரே பெரிய திரை, கிரிக்கெட் மைதானத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து வைத்த மாதிரி. கட்டணம் கிடையாது. இணையத்தில் பெயரும் அடையாள அட்டை விவரமும் கொடுத்துப் பதிய வேண்டும். ஏவுதலுக்குச் சில நாள் முன்னால்தான் பதிவைத் திறக்கிறார்கள், திறந்ததும் நிறைந்துவிடுகிறது. இந்த வேலையெல்லாம் என் பேத்தி செய்தது. ஒன்பதாவது படிக்கிறாள். திறக்கிற நேரத்துக்கு அலாரம் வைத்து, என் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "தாத்தா, நீ சும்மா இரு, தொடாதே" என்று என்னைக் கிட்டவே விடவில்லை. நீங்களும் போவதாக இருந்தால் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது நல்லது. பதிவுச் சீட்டில் எந்த அட்டையைக் குறித்தீர்களோ அதையே கையில் எடுத்துப் போங்கள்.

போகிற வழியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை சென்ட்ரல் பக்கமிருந்து சூலூர்ப்பேட்டைக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து தீவுக்குப் பழவேற்காடு ஏரியின் நடுவில் போட்ட ரோட்டில் போக வேண்டும். நாங்கள் ராத்திரி திரும்ப வேண்டுமே என்று வேன் பிடித்தோம். அந்தப் பாவத்தைப் பிறகு சொல்கிறேன். ஏரி ரோட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். டிசம்பர் என்பதால் ரெண்டு பக்கமும் பூநாரைகள், கூழைக்கடாக்கள். தண்ணீர் முழங்கால் அளவுகூட இராது போல, நாரைகள் நடந்துகொண்டே மேய்ந்தன. இந்தப் பக்கம் இவ்வளவு சத்தம் போட்டும் ஒவ்வொரு வருஷமும் வந்துவிடுகின்றனவே என்று டிரைவரிடம் கேட்டேன். "அதுங்களுக்குப் பழகிடுச்சு சார்" என்றார். 1971 அக்டோபர் 9-ல் ரோகிணி என்ற சின்ன ராக்கெட்டில் ஆரம்பித்த சத்தம். பழகாமல் என்ன செய்யும்.

அன்றைக்கு ஏவியது பி.எஸ்.எல்.வி. சி-60. மேலே ஆளுக்கு 220 கிலோ கணக்கில் ரெண்டு செயற்கைக்கோள், ஸ்பேடெக்ஸ் என்று பெயர். ரெண்டும் விண்வெளியில் தனித்தனியாகச் சுற்றிவிட்டு, ஒன்றையொன்று தேடிப் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் சோதனை. முதலில் 9 மணி 58 நிமிடம் என்றிருந்த நேரத்தை 10 மணி 0 நிமிடம் 15 நொடி என்று மாற்றியிருந்தார்கள். அதே பாதையில் வேறொரு செயற்கைக்கோள் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்று ரெண்டு நிமிஷம் தள்ளிவைத்தார்களாம். சாமி தேர்நிலைக்கு வந்தால்தான் திரியில் நெருப்பு, அது ஒன்பது மணியும் ஆகலாம் ஒன்றரை மணியும் ஆகலாம் என்று வளர்ந்தவன் நான். அந்தப் பதினைந்து நொடியை ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உட்காருகிற இடத்துக்கு நல்ல மார்க். முன் வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம், மேலே போனால்தான் பார்வை நன்றாக இருக்கிறது. ஏவுதளம் கண்ணுக்கு ரொம்பத் தள்ளி. பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கிளம்பும் வரைக்கும் திரைதான் கதி. திரையில் ராக்கெட் பக்கத்தில் நிற்பது போலத் தெரியும். பேத்தி அதைப் பார்த்தே சொல்லிக்கொடுத்தாள். முன்பெல்லாம் இந்த ஏவுதளத்தில் பி.எஸ்.எல்.வி.யை அங்கேயே நிறுத்தி அடுக்கிக் கட்டுவார்களாம். இதைத் தனிக் கட்டடத்தில் நாலாவது கட்டம் வரை முடித்து, தண்டவாளத்தில் நகர்த்திக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் தேர் மாதிரி என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, சிரிப்பாள்.

அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும். எனக்குப் பாதி புரியவில்லை, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கடல் காற்று ஜில்லென்று அடிக்கிறது, கொசுவும் உண்டு. ஒரு துண்டு போதும் ரெண்டுக்கும். விண்வெளி அருங்காட்சியகமும் அங்கே உண்டு, அதைப் பார்க்க எங்களுக்கு நேரம் போதவில்லை.

இனி என் தொழில்.

பி.எஸ்.எல்.வி.யின் அடிக்கட்டத்தில் இருப்பது கெட்டி எரிபொருள், நாங்கள் சொல்கிற மருந்துதான். 139 டன். 2.8 மீட்டர் விட்டமுள்ள ஐந்து துண்டுகளாக வார்த்து ஒன்றன்மேல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை வேறெங்கிருந்தோ கொண்டுவருவதும் இல்லை, அந்தத் தீவிலேயே கலந்து வார்க்கிறார்கள். எங்கள் வாணத்தில் வெடியுப்பு, கந்தகம், கரி. அங்கே வெடியுப்புக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட், எரிவதற்கு அலுமினியப் பவுடர், ரெண்டையும் பிடித்துவைக்க ரப்பர் மாதிரி ஒரு பசை. அலுமினியப் பவுடர் நமக்கும் தெரிந்த ஆள்தான். வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்றால் அதைத்தான் போடுவோம். வாணக் குழாயின் நடுவில் ஊசி விட்டு ஓட்டை போட்டு வைப்போம், நெருப்பு உள்சுவர் முழுக்கப் பரவி வேகம் வருவதற்கு. அங்கேயும் நடுவில் ஓட்டைதான். எங்கள் தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மீசையை முறுக்கியிருப்பார்.

பற்றவைத்தால் நிறுத்த முடியாது என்பதும் ரெண்டுக்கும் பொது. திரவ எரிபொருள் என்றால் குழாயை அடைக்கலாம். மருந்து பிடித்துவிட்டால் பிடித்ததுதான். ஆகவே கடைசிச் சில நிமிஷங்களில் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிட்டு மனுஷர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் வயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் எண்ணுகிறது, பத்து, ஒன்பது என்று. நான் எண்ணவில்லை. என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. திரியில் வைத்ததும் கையை இழுத்துக்கொள்கிற பழக்கம்.

வெளிச்சம் வந்தது. சத்தம் இல்லை.

இதைத்தான் டிவி காட்டாது. டிவியில் மைக் ஏவுதளத்துப் பக்கத்தில் இருப்பதால் ரெண்டும் சேர்ந்து வரும். நேரில், கிழக்கே கீழ்வானம் முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாக வெளுக்கிறது, மாடத்தில் எல்லார் முகமும் தெரிகிறது, நெருப்பு தரையை விட்டு எழும்பி மேலே போகிறது, எல்லாம் ஊமைப்படமாக. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். அதிர்வேட்டு எந்தக் கரையில் வெடிக்கிறது என்று குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணியே சொல்லிவிடுவேன். இங்கேயும் விரலை மடக்க ஆரம்பித்தேன், பத்துக்கு மேல் கணக்கு விட்டுப்போனது. வாயைப் பிளந்துகொண்டு எண்ண முடியவில்லை.

அப்புறம் வந்தது. நான் எதிர்பார்த்தது 'டம்' என்று ஒன்று. வந்தது வேறு. முதலில் தரையிலிருந்து ஒரு உறுமல், செருப்பு வழியாக. அதன்மேல் காடாத் துணியை முழம் முழமாகக் கிழிக்கிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். நிற்கவில்லை, கிழித்துக்கொண்டே இருந்தது. ஆயிரம்வாலாவை யாரோ வானத்தில் கட்டித் தொங்கவிட்டு நுனியில் வைத்துவிட்ட மாதிரி, ஆனால் ஒவ்வொரு வெடியும் நெஞ்சுக்கூட்டில். எங்கள் தொழிலில் இவ்வளவு நேரம் நீடிக்கிற சத்தம் ஒன்றுகூடக் கிடையாது. எங்களுடையதெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் முடிகிற சத்தம், அதையே வரிசையாக அடுக்கி நீளமாக்குவோம். சத்தத்துக்கு நூற்றுக்கு நூறு. இதற்கு மேல் மார்க் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்துக்குத் தொண்ணூறு. பத்தை ஏன் குறைத்தேன் என்றால், இந்த ராக்கெட்டுக்குப் பக்கவாட்டில் கட்டுகிற ஆறு சின்ன மோட்டார்கள் கிடையாது. பாரம் குறைவு என்பதால் நடுத்தண்டு மட்டும் போகிற வகை. ஆறும் சேர்ந்து போகிறதை ஒரு நாள் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

வாசனைக்குச் சுழியம். சிரிக்காதீர்கள். வாணவேடிக்கை என்றால் பாதி மூக்கால் பார்ப்பது. மருந்து கருகிய வாசனை மறுநாள் வரை சட்டையில் நிற்கும், அதை மோந்துகொண்டுதான் தூங்குவேன். இங்கே 139 டன் எரிந்தும் மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. அவ்வளவு தூரம். என் வீட்டுக்காரியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன், அவளுக்குப் புரிந்தது.

அடிக்கட்டம் இரண்டு நிமிஷத்துக்குள் எரிந்து தீர்ந்து கழன்றுவிடும். அதற்குள் ராக்கெட் ஒரு புள்ளியாகிவிடுகிறது. இங்கே கூட்டம் ஒரு தப்புப் பண்ணுகிறது, எழுந்து வண்டியைப் பார்த்து ஓடுகிறது. உட்காருங்கள். திரையில் ஒரு கோடு வளைந்துகொண்டே போகும். கெட்டி, திரவம், மறுபடி கெட்டி, மறுபடி திரவம் என்று நாலு கட்டம் மாறி மாறி எரியும். கால் மணி நேரத்தில் ரெண்டு செயற்கைக்கோளும் அடுத்தடுத்துப் பிரிந்தபோது கட்டுப்பாட்டு அறையில் கைதட்டுகிறார்கள். மாடத்தில் மிச்சமிருந்த எங்களில் சிலரும் தட்டினோம். பேத்தி எடுத்த வீடியோவில் ஒரு வெள்ளைக் குமிழும் நான் "அடேயப்பா, அடேயப்பா" என்பதும் மட்டும் இருக்கிறது. அவள் நேரில் பார்த்தது பாதி. அடுத்த தடவை போனைப் பையில் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் போடுங்கள்.

திரும்புவதுதான் சோதனை. அத்தனை வண்டியும் ஒரே ஏரி ரோட்டில் வர வேண்டும். இருட்டில் சிவப்பு விளக்கு வரிசை மட்டும் தெரிந்தது, நாரைகள் எங்கே போயினவோ. எங்கள் வேன்காரர் 4,500 ரூபாய் பேசி, முடிந்ததும் வாசலில் நிற்பேன் என்று சத்தியம் பண்ணியவர், போனை அணைத்துவிட்டார். நடுவில் வேறு சவாரிக்குப் போயிருக்கிறார். பன்னிரண்டரைக்குத்தான் வந்து சேர்ந்தார், கோபமும் அவருக்குத்தான். பேத்தி என் துண்டைப் போர்த்திக்கொண்டு என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேனுக்கு மார்க் போட்டு இதைக் கெடுக்க விரும்பவில்லை. ராத்திரி ஏவுதல் என்றால் சூலூர்ப்பேட்டையில் தங்க முடியுமா என்று முன்னாலேயே பாருங்கள். அல்லது பகல் ஏவுதலாகப் பார்த்துப் போங்கள், ரயிலிலேயே வந்துவிடலாம். பகலில் வெளிச்சம் கொஞ்சம் சப்பென்றிருக்கும், ஆனால் புகைத்தடம் தெரியும் என்கிறார்கள். ராத்திரி என்றால் சென்னை மொட்டை மாடியிலிருந்தும் வெளிச்சம் தெரியும்தான். மகள் அதைச் சொல்லித்தான் "எதுக்குப்பா இவ்வளவு தூரம்" என்றாள். மாடிக்குச் சத்தம் வராது.

ரெண்டு செயற்கைக்கோளும் 2025 ஜனவரி 16-ல் பூட்டிக்கொண்டன. இந்த வேலையைச் செய்த நாலாவது நாடு நாம் என்று பேத்தி போனில் சொன்னாள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவள் முந்தைய வாரம் சொன்னது. அதே ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தைச் சுற்றுப்பாதையிலேயே வைத்து, அதற்குள் ஒரு சின்னப் பெட்டியில் எட்டுத் தட்டைப்பயறு விதைகளை அனுப்பியிருந்தார்களாம். நாலு நாளில் முளைத்துவிட்டது, அப்புறம் இலையும் விட்டதாம். என் கண் முன்னால் அந்தக் கிழிசல் சத்தத்தோடு போன பயறு. மேலே மழை வருமா, தண்ணீர் யார் விடுவது என்று கேட்டேன். "தாத்தா, அதெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கு" என்றாள். வீட்டுக்காரி அன்றைக்குத் தட்டைப்பயறுக் குழம்புதான் வைத்தாள்.